சொந்தக் கணினியில் ஒரு தமிழ்ப் பக்கம்

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை நிற்கும்வரை இங்கே லாரிகள் வரிசைகட்டிக் கிடக்கும். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்த பிறகு, உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஜூஜுவாடி வரை பரவின. அப்படியொரு பட்டறையில் சிஎன்சி எந்திரங்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு.

எங்கள் எந்திரக் குறிப்புகளைத் தமிழில் எழுதி ஒரு தளமாக வைத்திருக்கிறேன். பட்டறையின் மூலையில் லினக்ஸ் போட்ட பழைய கணினிதான் அதன் சர்வர். "ஓசியில் எத்தனையோ இடம் கிடைக்கிறதே, இதற்கு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பவர்களுக்குத் தமிழ் இணையத்தின் கதையைத்தான் பதிலாகச் சொல்வேன்.

உலகின் முதல் வலைத்தளமே ஒருவர் மேசையிலிருந்த கணினியில் ஓடியதுதான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ தன் நெக்ஸ்ட் கணினியின் மேல், இது சர்வர், அணைக்க வேண்டாம் என்று சீட்டு ஒட்டியிருந்தார். எங்கள் கணினியிலும் ஒரு சீட்டு உண்டு, தமிழிலும் இந்தியிலும். ஒட்டாவிட்டால் இரவு ஷிஃப்ட் முடித்துப் போகிறவர்கள் விளக்கோடு சேர்த்து அதையும் அணைத்துவிடுவார்கள்.

1995 ஆகஸ்டில் விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கவிதைத் தளம் ஒன்றில் தமிழ் எழுத்து வலையேறியது. 1998 பொங்கலன்று, ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ஒவ்வொரு நூலும் ஒரு தனிக் கோப்பு. முதல் எண் திருக்குறளுக்கு.

எழுத்துரு மாறியது, திஸ்கி எழுத்துமுறை வந்தது, பிறகு யூனிகோடு வந்தது. மதுரைத் திட்டத்துக் கோப்புகள் அந்தந்த முறைக்கு மாறி வந்து இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கோப்பு கையில் இருந்தால் எழுத்துமுறையை மாற்றிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் நிலை வேறு. ஜியோசிட்டீஸில் இலவச இடம் வாங்கிப் பக்கம் போட்ட தமிழர்கள் ஏராளம். 2009 அக்டோபரில் யாகூ அதை மூடியபோது, பிரதி எடுத்து வைக்காதவர்களின் எழுத்து அவர்கள் கையைவிட்டுப் போனது.

அப்புறம் தரவுத்தளம் வைத்த தளங்களின் காலம். வசதி அதிகம், பராமரிப்பும் அதிகம். அதில் சலித்தவர்கள் மீண்டும் கோப்புக்கே திரும்பினார்கள். 2008இல் ஜெக்கில், 2013இல் ஹியூகோ வந்தன. சாதாரண எழுத்துக் கோப்பைக் கொடுத்தால் இவை எச்டிஎம்எல் பக்கமாக்கித் தரும். 2004இல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், கேட்டவருக்கு அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டும். நீட்டுவது மட்டுமே வேலை என்பதால் பழைய கணினியே போதும்.

லினக்ஸை எங்களைப் போன்றவர்கள் பக்கம் கொண்டுவந்ததில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்குப் பங்குண்டு. 2012இல் தொடங்கிய கணியம் இதழும், து. நித்யா எளிய தமிழில் எழுதிய லினக்ஸ் நூலும் இல்லாவிட்டால் என் போன்ற ஐடிஐக்காரன் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் துணிந்திருக்க மாட்டான்.

எங்கள் தளத்தில் அதிகம் திறக்கப்படும் பக்கம் பேட்டரி பற்றியது. ஃபானுக் கன்ட்ரோலில் என்கோடர் பேட்டரியை எந்திரத்தில் மின்சாரம் இருக்கும்போதே, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு மாற்ற வேண்டும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினால் ரெஃபரன்ஸ் பொசிஷன் அழிந்து போகலாம். மறுபடி செட் செய்து முடிக்கும்வரை உற்பத்தி நிற்கும். ஆங்கில மேனுவல் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். எந்திரத்தில் ஒட்டிய கியூஆரைக் கைப்பேசியில் காட்டினால் தமிழ்ப் பக்கம் உடனே வரும். இணையம் அறுந்த நாளிலும் வரும்; சர்வர் பட்டறைக்குள்ளேயே இருக்கிறதே.

வெளியிலிருந்து பார்ப்பதுதான் சிக்கல். சாதாரண பிராட்பேண்டில் பெரும்பாலும் பலருக்குச் சேர்த்து ஒரே முகவரி என்பதால் வெளியாள் நம் கணினியைத் தொட முடியாது. நிலையான ஐபிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், அல்லது ஒரு பிரதியை வாடகை சர்வரில் வைக்க வேண்டும். நான் பிரதி வைத்திருக்கிறேன். வாடகைக்காரர் நாளை கடையை மூடினாலும் மூலம் என்னிடம்தான்.

ஓசூரில் கைத்தொழில் அறிவு ஆள்மேல் நிற்கிறது. ஆள் ஓய்வு பெற்றால் கூடவே போய்விடுகிறது. உங்கள் பட்டறையிலும் ஓரங்கட்டிய கணினி ஒன்று இருக்கும். அதில் லினக்ஸைப் போடுங்கள், மூத்த ஃபிட்டரை உட்காரவைத்து அவர் சொல்வதைத் தமிழில் எழுதுங்கள், ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள்.