தரவு சேகரிப்பு அட்டை: சுவிட்ச் அமைவும் மின்னிணைப்பும்

தரவு சேகரிப்பு அட்டை என்பது வெப்பம், அழுத்தம், அதிர்வு போன்றவற்றை உணரிகளிடமிருந்து மின்னழுத்தமாகப் பெற்று, எண்களாக்கிக் கணினிக்குத் தரும் சுற்றுப்பலகை. 1980களில் ஐபிஎம் பிசியிலும் அதன் வழிவந்த கணினிகளிலும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகப்பட்ட அட்டைகளுக்கு முகவரி, அளவீட்டு வரம்பு, உள்ளீட்டு முறை ஆகியவற்றை அட்டைமேல் உள்ள டிப் சுவிட்சுகளும் ஜம்பர்களுமே தீர்மானித்தன. மெட்ராபைட் நிறுவனத்தின் டாஸ்-16 அவற்றுள் பரவலாக அறியப்பட்டது.

முதலில் அமைக்க வேண்டியது அடிப்படை முகவரி. டாஸ்-16 அடுத்தடுத்த 16 முகவரிகளை எடுத்துக்கொள்ளும். ஆறு சுவிட்சுகளின் மதிப்பு முறையே 512, 256, 128, 64, 32, 16. வழக்கமான முகவரி 768, அதாவது பதினாறடிமானத்தில் 300. முன்மாதிரி அட்டைகளுக்கென்று ஐபிஎம் ஒதுக்கிய இடம் அது. 512, 256 ஆகிய இரண்டும் ‘ஆஃப்’ நிலையிலும் மற்றவை ‘ஆன்’ நிலையிலும் இருக்க வேண்டும். சுவிட்சை மூடினால் அந்தக் கோடு கிரவுண்டோடு சேர்ந்து 0 ஆகிவிடுவதால், ‘ஆன்’ என்பது இங்கே 0. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். முகவரி வேறொரு அட்டையோடு மோதினால் கோளாறு பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும்; அந்த வகையில் அது தீங்கு குறைந்த பிழை.

அளவீட்டு வரம்பில் நேரும் பிழை அப்படியன்று. 12 பிட் அட்டை தன் வரம்பை 4096 படிகளாகப் பிரிக்கிறது: 0 முதல் 10 வோல்ட் வரை என்றால் ஒரு படி 2.44 மில்லிவோல்ட், ±10 வோல்ட் என்றால் 4.88. சுவிட்ச் ±5 வோல்ட்டில் இருக்க, மென்பொருள் ±10 என்று எண்ணிக்கொண்டால் 2 வோல்ட் 4 வோல்ட்டாகப் பதிவாகும். வரைபடம் சீராகவே இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. வரம்பு 0இலிருந்து தொடங்குவதா (ஒருமுனை), ± ஆக இருப்பதா (இருமுனை) என்ற தேர்வையும் சானல் எண்ணிக்கைத் தேர்வையும் டாஸ்-16இன் நிலைப் பதிவேட்டிலிருந்து மென்பொருள் படித்துக்கொள்ளலாம். வரம்பின் அளவைத் தீர்மானிக்கும் பெருக்கச் சுவிட்சை அப்படிப் படிக்க வழியில்லை. லினக்ஸின் ‘காமெடி’ இயக்கித் தொகுப்பும் இத்தகைய அட்டைக்கு வரம்பைப் பயனரிடமிருந்தே கேட்டுப் பெறுகிறது. ஆகவே சுவிட்ச் நிலைகளை ஆய்வேட்டில் குறித்துவைப்பதும், மதிப்பு தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்துச் சரிபார்ப்பதும் அளவீட்டின் பகுதியே.

மற்றொரு சுவிட்ச் 16 ஒற்றைமுனை உள்ளீடுகளா, 8 வேறுபாட்டு உள்ளீடுகளா என்பதைத் தேர்கிறது. சில மில்லிவோல்ட்டே தரும் தெர்மோகப்பிளுக்கு வேறுபாட்டு முறையே ஏற்றது. ஆனால் உணரி எங்கும் கிரவுண்டைத் தொடாதிருந்தால், எதிர்முனைக்கும் அனலாக் கிரவுண்டுக்கும் இடையே 10 முதல் 100 கிலோ ஓம் வரையிலான மின்தடை வேண்டும். இல்லாவிட்டால் அளவு மெல்ல விலகிக்கொண்டே போகும்.

மின்வழங்கலில் பலரும் கவனிக்கத் தவறுவது கிரவுண்ட். ஐஎஸ்ஏ ஸ்லாட் ±5, ±12 வோல்ட் தருகிறது. அனலாக் பகுதிக்கு ±15 வோல்ட் தேவைப்படும் அட்டைகள் 5 வோல்ட்டிலிருந்து ஒரு மாற்றி மூலம் அதைப் பெறுகின்றன. அனலாக், டிஜிட்டல் கிரவுண்டுகள் அட்டையில் ஓரிடத்தில் மட்டுமே சேர வேண்டும். உணரியின் மின்னோட்டத்தை அனலாக் கிரவுண்ட் வழியே திருப்பினால், கம்பியில் விழும் மின்னழுத்தம் அளவோடு கலந்துவிடும். இரண்டு இடங்களில் தரையிணைப்பு இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகும். ஜம்பரை மாற்றும் முன் கணினியை அணைப்பதோடு, வெளியிலிருந்து வரும் உணரி மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். அட்டை உயிரற்றிருக்கும்போது உள்ளீட்டில் மின்னழுத்தம் இருந்தால் அதன் சில்லுகள் பழுதடையக்கூடும்.

1990களில் பிசிஐயும் ‘பிளக் அண்ட் பிளே’யும் வந்தபின் முகவரிச் சுவிட்சுகள் மேசைக் கணினிகளிலிருந்து மறைந்தன. தொழிற்கூடங்களில் ஆர்எஸ்-485 கம்பியில் வரிசையாக இணையும் அளவீட்டுத் தொகுதிகள் பலவற்றில் அவை இன்றும் உள்ளன. பொதுவாக 24 வோல்ட்டில் இயங்கும் இத்தொகுதிகளுக்குத் தனித்தனி முகவரி வேண்டும். 120 ஓம் முடிவு மின்தடைச் சுவிட்சைக் கம்பியின் இரு கோடிகளில் மட்டுமே ‘ஆன்’ செய்ய வேண்டும். நடுவிலுள்ள தொகுதிகளிலும் அது ‘ஆன்’ ஆனால் சுமை கூடி, சிக்னல் தளர்ந்து, தொலைவிலுள்ள தொகுதிகள் பதில் தராமல் போகும்.