சீருடையுடன் ஜனாதிபதியை எதிர்த்து வழக்காடிய சட்டத்தரணி

அரசாங்கத்திடம் சம்பளம் பெற்று, அதன் சீருடையையும் அணிந்துகொண்டு, அதே அரசாங்கத்தின் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவு சட்டவிரோதமானது என்று ஓர் இராணுவ அதிகாரி நீதிமன்றம் செல்ல முடியுமா? அமெரிக்கக் கடற்படையின் லெப்டினன்ட் கொமாண்டர் சார்ள்ஸ் சுவிஃப்ட் சென்றார்.

1984 இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்று, கப்பல்களில் கடமையாற்றிய பின்னர் சட்டம் பயின்றவர் அவர். 2001 நவம்பரில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் தமது உத்தரவின் மூலம் ஏற்படுத்திய இராணுவ ஆணைக்குழுக்களின் முன்னிலையில், குற்றஞ்சாட்டப்படுவோருக்காக ஆஜராகும் பணி 2003 இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குவாண்டனாமோவில் தடுத்துவைக்கப்பட்டிருந்த யேமன் நாட்டவர் சலீம் ஹம்தான் அவரது கட்சிக்காரர். ஒசாமா பின் லாடனின் வாகனச் சாரதியாக இருந்தவர்.

ஹம்தானைச் சந்திக்க சுவிஃப்டுக்கு வழங்கப்பட்ட அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றிப் பேசுவதற்காகவே அந்தச் சந்திப்பு. குற்றப்பத்திரமே தாக்கல் செய்யப்படாத ஒருவரிடம் முதலில் குற்ற ஒப்புதலைப் பெற்றுவா என்று அவருடைய சட்டத்தரணியையே அனுப்புவது விநோதமான நீதிதான். சுவிஃப்ட் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். 2004 ஏப்ரலில், சட்டப் பேராசிரியர் நீல் கட்யால் போன்றோரின் துணையுடன், பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் றம்ஸ்ஃபெல்டைப் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடர்ந்தார்.

கீழ் நீதிமன்றத்தில் வெற்றி; மேன்முறையீட்டில் தோல்வி. அந்த மேன்முறையீட்டை விசாரித்த மூவரில் ஒருவரான ஜோன் றொபேட்ஸ் பின்னர் பிரதம நீதியரசரானதால், உச்ச நீதிமன்ற விசாரணையில் அவர் பங்குபற்றவில்லை. 2006 ஜூன் 29 ஆம் திகதி 5 க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அந்த ஆணைக்குழுக்கள் இராணுவ நீதிச் சட்டத்தையும் ஜெனீவா உடன்படிக்கைகளையும் மீறுகின்றன என்று எழுதிய நீதியரசர் ஜோன் போல் ஸ்டீவன்ஸ், இரண்டாம் உலகப்போரில் அதே கடற்படையில் கடமையாற்றியவர் என்பதையும் இங்கு சொல்லத் தோன்றுகிறது.

தீர்ப்பு வெளியாகி ஏறத்தாழ இரு வாரங்களில், கொமாண்டர் தரத்துக்கான பதவி உயர்வு தமக்கு இல்லை என்பதை சுவிஃப்ட் அறிந்தார். உயர்வு கிட்டாதவர் வெளியேற வேண்டும் என்பது அங்குள்ள விதி. இரண்டுக்கும் தொடர்புண்டா என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கேட்டன. 2007 இல் அவர் ஓய்வுபெற்றார்.

ஆனால், கட்சிக்காரரைக் கைவிடவில்லை. காங்கிரஸ் இயற்றிய புதிய சட்டத்தின் கீழ் 2008 இல் நடைபெற்ற விசாரணையிலும் சாதாரண சிவிலியனாக அவர் ஹம்தானுக்காக ஆஜரானார். சதிக் குற்றச்சாட்டில் இருந்து ஹம்தான் விடுவிக்கப்பட்டார். பயங்கரவாதத்துக்கு உதவியதாகக் காணப்பட்ட குற்றத்தை 2012 அக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. அப்போது ஹம்தான் யேமனுக்குத் திரும்பி மூன்று வருடங்களுக்கு மேலாகியிருந்தது.