கனிகளின் கதை – 17: டகோட்டா பனியில் பிறந்த டோகா

சென்ற வாரம் மினசோட்டாவில் பீட்டர் கிடியன் பட்ட பாட்டைப் பார்த்தோம். கையிலிருந்த கடைசி 8 டாலருக்கும் ஆப்பிள் விதை வாங்கி விதைத்து, ‘வெல்தி’ என்ற ரகத்தைக் கண்டெடுத்த மனிதர் அவர். அவருக்கும் மேற்கே, மரங்களே அபூர்வமான பெரும் புல்வெளியில் குடியேறியவர்களின் நிலைமை இன்னும் மோசம். அந்த மண்ணில் உருவாகி, நூறு ஆண்டு கடந்தும் தோட்டங்களில் காய்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிளம் ரகம்தான் இந்த வாரக் கதாநாயகி. பெயர் டோகா. பிறந்த ஊர் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள புரூக்கிங்ஸ். வெளியான ஆண்டு 1911.

அந்த மாநிலத்தின் தட்பவெப்பத்தைப் புரிந்துகொள்ள 1936ஆம் ஆண்டு ஒன்றே போதும். பிப்ரவரி 17 அன்று மெக்கின்டோஷ் என்ற ஊரில் குளிர் மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அதே ஆண்டு ஜூலை 5 அன்று கான் வேலியில் வெயில் 49 டிகிரியைத் தொட்டது. ஐந்தே மாதத்தில் ஏறத்தாழ 100 டிகிரி வித்தியாசம்! இந்த இரண்டையும் தாங்கினால்தான் ஒரு மரம் அங்கே பிழைக்க முடியும்.

பிளம் இனத்து மரங்களுக்குக் குளிரைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. கட்டையிலுள்ள உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர், பூஜ்யம் டிகிரி வந்ததுமே உறைந்துவிடுவதில்லை. வெப்பம் இறங்க இறங்க, திரவமாகவே தாக்குப்பிடிக்கிறது. மைனஸ் 40ஐ நெருங்கும்போது அந்தத் தாங்குதிறன் உடைந்து, உள்ளே பனிக்கட்டி பிடித்து உயிரணு சாகிறது. ஐரோப்பிய பிளம்களின் பூமொட்டுகளோ அதற்கு வெகு முன்பே கருகிவிடும். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் ஆசையாகக் கொண்டுவரப்பட்ட கன்றுகள் இந்தப் புல்வெளியில் பட்டுப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆனால், பிளம் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆற்றங்கரைகளிலும் ஓடைச் சரிவுகளிலும் காட்டு பிளம் புதர்கள் காலங்காலமாக அங்கே மண்டிக் கிடந்தன. 1804 செப்டம்பரில் மிசௌரி ஆற்றின் வழியே வந்த லூயிஸ், கிளார்க் பயணக் குழு, இன்றைய தெற்கு டகோட்டாவில் பழுத்துத் தொங்கிய பிளம் தோப்புகளைக் கண்டு குறித்து வைத்திருக்கிறது. டகோட்டா, லகோட்டா மக்கள் இந்தப் பழத்தைப் பறித்துப் புதிதாகவும் உண்டார்கள். வெயிலில் உலர்த்திக் குளிர்காலத்துக்கும் சேமித்தார்கள். கொட்டைகளில் குறிகள் தீட்டி, கிண்ணத்திலிட்டுக் குலுக்கிச் சோழிபோல் விளையாடினார்கள். மேலே உள்ள தண்டு குளிரில் செத்தாலும் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிப் புதராகிவிடும் மரம் அது. ஒரே குறை, பழம் சிறியது. தோல் புளிக்கும், துவர்க்கும்.

இந்த இடத்தில்தான் நீல்ஸ் எப்பெசன் ஹான்சன் வருகிறார். 1866இல் டென்மார்க்கில் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். அயோவா வேளாண் கல்லூரியில் ஜோசப் பட் என்ற பேராசிரியரிடம் பயின்றார். குளிர் தாங்கும் பழ ரகங்களைத் தேடி ரஷ்யா வரை சென்று வந்தவர் அந்த பட். ஆசிரியரின் வேட்கை மாணவரையும் பற்றிக்கொண்டது. 1895இல் புரூக்கிங்ஸ் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த ஹான்சன், காட்டு பிளம் விதைகளை ஆயிரக்கணக்கில் விதைத்து, தேறியவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். 1897இல் அமெரிக்க வேளாண் துறை அவரை ரஷ்யாவுக்கும் துருக்கிஸ்தானுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பியது. வண்டியிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் பயணம் செய்து, குளிரையும் வறட்சியையும் தாங்கும் தீவனப் பயிர்களை அவர் கொண்டுவந்தார்.

அந்தப் பயணங்களில் அவருக்கு ஒரு நம்பிக்கை உறுதிப்பட்டது. வெப்பமான இடத்துச் செடியை எத்தனை காலம் குளிரில் வளர்த்தாலும் அது குளிருக்குப் பழகாது. குளிரில் பிறந்த செடியோடு கலந்தால்தான் வழி பிறக்கும் என்பதே அது. குளிர் தாங்கும் உரத்துக்குக் காட்டு பிளம் கையில் இருந்தது. அளவுக்கும் மணத்துக்கும் அவர் எடுத்துக்கொண்டது ‘சிமோனி’ என்ற சீன பிளம். வட சீனத் தோட்டங்களில் வளர்ந்த இந்தப் பழத்தின் விதைகளை, அங்கே துணைத்தூதராக இருந்த யூஜின் சிமோன் பாரீஸுக்கு அனுப்பினார். அதனால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. தட்டையான, செங்கல் நிறப் பழம். கெட்டியான மஞ்சள் சதை. அறையையே நிறைக்கும் வாசனை. கூடவே ஒரு கசப்பும் உண்டு.

காட்டு பிளம்மையும் சிமோனியையும் கலந்ததில் பிறந்தவற்றில் ஒன்றுதான் டோகா. ஹான்ஸ்கா, காகா ஆகியவை அதன் உடன்பிறப்புகள். டோகா மரம் நிமிர்ந்து வளரும். ஆகஸ்ட் பிற்பகுதியில் செம்பு நிறத்தில் பழுக்கும். காட்டுத் தாயின் உரமும் சீனத் தந்தையின் மணமும் அதில் சேர்ந்திருக்கின்றன, கசப்பு போய்விட்டது. அந்த இனிய வாசனைக்காக நாற்றுப் பண்ணைக்காரர்கள் இதை ‘பபிள்கம் பிளம்’ என்றே சொல்லி விற்கிறார்கள். குறைகளும் உண்டு. மரத்துக்கு ஆயுள் குறைவு. மழை மிகுந்த கோடையில் பழ அழுகல் நோய் எளிதில் தாக்கும்.

டோகாவைக் காலம் கைவிடாமல் காத்தது அதன் பழம் மட்டுமல்ல, மகரந்தமும்தான். பெரிய பழம் தரும் ஜப்பானிய பிளம்களைக் காட்டு பிளம்மோடு கலந்து மினசோட்டா பல்கலைக்கழகம் பல ரகங்களை வெளியிட்டது. 1933இல் வந்த ‘சுப்பீரியர்’ அவற்றில் புகழ்பெற்றது. டோகாவின் உடன்பிறப்பான காகாதான் அதன் பெற்றோரில் ஒன்று. இந்தக் கலப்பு மரங்கள் கொள்ளை கொள்ளையாகப் பூத்தன, ஆனால் காய் பிடிக்கவில்லை. ஒரு கலப்பு ரகத்தின் மகரந்தம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் உதவவில்லை. சோதித்துப் பார்த்தபோது, காட்டு பிளம்மின் குணத்தை இழக்காத டோகா போன்ற சில ரகங்களின் மகரந்தம் நன்றாக வேலை செய்வது தெரிந்தது. இன்றும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கலப்பு பிளம் நடுபவர்களுக்கு, பக்கத்தில் ஒரு டோகாவை நடச் சொல்லி ஆலோசனை தருகிறார்கள்.

ஹான்சன் தன் பிளம் ரகங்களில் பலவற்றுக்கு டகோட்டா மொழியிலேயே பெயர் வைத்தார். 1913இல் அவர் வெளியிட்ட ‘வனெட்டா’, டகோட்டா மக்களின் யாங்க்டொனாய் பிரிவுத் தலைவர் ஒருவரின் பெயர் தாங்கியது. இந்த மரியாதையைப் பாராட்டும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஹான்சன் புரூக்கிங்ஸுக்கு வருவதற்கு ஐந்தாண்டு முன்னால், 1890 டிசம்பர் 29 அன்று, அதே மாநிலத்தின் வூண்டட் நீயில் லகோட்டா மக்கள் 250 பேருக்கு மேல் ராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். காட்டு பிளம்மைத் தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்தவர்கள் நிலத்தை இழந்தார்கள். பழ நூல்களில் டோகாவுக்கு ஆசிரியராக ஹான்சன் பெயர் மட்டுமே இருக்கிறது. அவருடைய உழைப்பு பெரியது, ஐயமில்லை. ஆனால், அவர் கைக்கு வருவதற்கு முன்பே பாதி வேலையை அந்தப் புல்வெளியும் அதன் பூர்வகுடிகளும், மறுபாதியை வட சீனத்தின் பெயர் தெரியாத தோட்டக்காரர்களும் செய்து முடித்திருந்தார்கள்.

டோகாவின் கொட்டையை நட்டால் டோகா முளைக்காது. வேறு ஏதோ ஒரு பிளம்தான் முளைக்கும். கோடையின் கடைசியில் தாய்மரத்திலிருந்து ஒரு மொட்டைச் சீவி எடுத்து, காட்டு பிளம் நாற்றின் தண்டில் பதித்துக் கட்ட வேண்டும். வேரும் குளிரைத் தாங்க வேண்டுமே! 1911இலிருந்து இன்றுவரை உள்ள ஒவ்வொரு டோகா மரமும் இப்படி யாரோ ஒருவர் கையால் ஒட்டுக் கட்டப்பட்டதுதான். ஒரு தலைமுறை அந்த வேலையை விட்டுவிட்டால் ரகம் முடிந்துபோகும். பழைய ரகங்களைக் காப்பாற்றுவது அருங்காட்சியகத்தின் வேலையல்ல. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்களின் வேலை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் அந்தக் கலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.