திரும்பி வரும் மடல்கள்: மின்னஞ்சல் கறுப்புப் பட்டியல்களின் கதை

சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி நடத்தும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. சிற்றிதழ் நடத்துவதையொத்த பிடிவாதம் அது. அனுப்பும் மடல்கள் '550' என்ற எண்ணுடன் திரும்பி வருகின்றன என்பதே அவர்களது ஓயாத முறைப்பாடு. ஒருவரின் மடலை வாசலிலேயே மறுக்கும் அதிகாரம் யாருக்கு, எவ்வாறு கிடைத்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கின்றது.

1982 ஓகஸ்டில் ஜோன் போஸ்டெல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. விதிமுறையே மின்னஞ்சல் போக்குவரத்தின் அடித்தளம். அனுப்புபவர் தம்மை இன்னார் என்று சொன்னால் பெறும் வழங்கி அதனை நம்பிவிடும். முன்பின் அறியாதவரின் மடலையும் வாங்கி உரியவரிடம் சேர்ப்பிப்பது அன்று நல்ல அயலவரின் பண்பாகக் கருதப்பட்டது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் மட்டுமே குடியிருந்த சிற்றூருக்கு அது பொருந்தியது. தொண்ணூறுகளில் வணிகர்கள் வந்தனர். திறந்து கிடந்த வழங்கிகளின் வழியாக, பிறர் செலவில், இலட்சக்கணக்கில் குப்பை மடல்களை அனுப்பினர்.

1997 இல் கலிபோர்னியாவில் போல் விக்சியும் டேவ் ராண்டும் மேப்ஸ் என்ற அமைப்பின் மூலம் ஒரு கறுப்புப் பட்டியலைத் தொடங்கினார்கள். (ஸ்பாம் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் மேப்ஸ் வரும்!) மடல் கொண்டுவரும் வழங்கியின் ஐ.பி. முகவரியில் உள்ள நான்கு எண்களையும் தலைகீழாக அடுக்கி, இணையத்தின் பெயர் இடாப்பில் வினவினால் போதும். 127.0.0.2 என்ற விடை வந்தால் அந்த முகவரி பட்டியலில் உண்டு, கதவை அடைத்துவிடலாம். எளிமையும் கூர்மையும் மிக்க உத்தி. 1998 இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பை ஆரம்பித்தார். அதே ஆண்டில் சென்ட்மெயில் மென்பொருளின் 8.9 ஆம் பதிப்பு, அந்நியர் மடலைக் கடத்தும் வழக்கத்தை இயல்பிலேயே நிறுத்தியது.

ஆனால் பட்டியலிடுபவர் தவறினால்? 2003 ஓகஸ்டில், தாக்குதல்களால் களைத்துப்போன ஒசிருசொப்ட் என்ற பட்டியல் மூடப்பட்டபோது, உலகின் எல்லா முகவரிகளையும் குற்றவாளிகளாக அறிவித்துவிட்டே ஓய்ந்தது. அதனை நம்பியிருந்த வழங்கிகள் யாவருடைய மடலையும் மறுத்தன. 2006 இல் இ360 என்ற விளம்பர நிறுவனம் தொடுத்த வழக்கில், ஸ்பாம்ஹவுஸ் 1 கோடியே 17 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென இல்லினோய் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மேன்முறையீடுகளின் பின், 2011 இல் அத்தொகை 3 டொலராகச் சுருங்கியது. பட்டியலிடுவது ஒரு கருத்து வெளிப்பாடா, தண்டனையா என்ற வினா மட்டும் அப்படியே நிற்கின்றது.

இன்று தனி வழங்கி நடத்துபவர் தம்மைத் தாமே நிரூபிக்க வேண்டியவராகிவிட்டார். ஐ.பி. முகவரியைத் தேடினால் அவருடைய டொமைன் பெயரே விடையாக வரவேண்டும். எந்த முகவரியிலிருந்து அவரது மடல் வரலாம் என்பதை எஸ்.பி.எஃப். பதிவு சொல்ல வேண்டும், டி.கே.ஐ.எம். கையொப்பம் மடலில் இருக்க வேண்டும். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், பெருமளவில் மடல்கள் அனுப்புவோரிடம் இவ்விரண்டோடு டிமார்க் பதிவையும் கட்டாயமாகக் கேட்கின்றன. இவை யாவும் சரியாக இருந்தும், அதே வாடகை நிலையத்தில் அயல் முகவரிக்காரர் செய்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களை நான் அறிவேன்.

ஆயினும் '550' எனக்குப் பெரிய அச்சம் தரவில்லை. அந்த எண்ணுடன் பெரும்பாலும் காரணமும் பட்டியலின் பெயரும் வரும்; அங்கே சென்று நீக்குமாறு விண்ணப்பிக்கலாம். தணிக்கை அதிகாரியின் முத்திரை விழுந்த பக்கத்தைக் கையில் பெறுவது போன்றது அது. பெரிய நிறுவனங்களின் உள்மதிப்பீடு வேறு வகை. மடலை '250' என்று ஏற்றுக்கொண்டு, குப்பைப் பெட்டியில் போட்டுவிடுகின்றன. அனுப்பியவரின் பதிவேட்டில் மடல் சேர்ந்ததாகவே இருக்கும். வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "இந்த மாத இதழ் இன்னும் வரவில்லையே" என்று கேட்கும்போதுதான் விடயம் தெரியவரும்.