மடியும் காற்றுப்பையும்

சேலத்திலிருந்து வரும் 544ஆம் தேசிய நெடுஞ்சாலை கொச்சி இடப்பள்ளியில் 66ஆம் நெடுஞ்சாலையோடு சேர்கிறது. அச்சந்திப்பில் சற்று நேரம் நின்றால், முன்னிருக்கையில் தாயின் மடியில் குழந்தை அமர்ந்து செல்லும் கார்களைக் காணலாம். அங்கிருந்து வடக்கே, மலப்புறம் மாவட்டத்தில், 2024 செப்டம்பரில் ஒரு காரும் லாரியும் மோதின. அவ்வாறே மடியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை, விரிந்த ஏர்பேக்கினால் உயிரிழந்தது.

இதிலுள்ள முரண் அக்கருவியின் வரலாற்றைப் பார்த்தால்தான் விளங்கும். 1952இல் அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக், மனைவியோடும் ஏழு வயது மகளோடும் காரில் சென்றார். எதிரே கிடந்த பாறையைக் கண்டு பிரேக்கை அழுத்தியபோது, மகள் முன்னே மோதாதிருக்கக் கணவனும் மனைவியும் ஒருசேரக் கைகளை நீட்டினர். அக்கைகளின் வேலையை ஒரு பொருள் செய்யக் கூடாதா என்ற அவருடைய எண்ணமே 1953இல் காப்புரிமை பெற்றது. குழந்தையைக் காக்க நீண்ட கையே காற்றுப்பையின் கரு.

1959இல் வால்வோவின் நில்ஸ் போலின் மும்முனை சீட் பெல்ட்டை அளித்தார். ஆனால் அமெரிக்கர் பலர் அதை அணியவில்லை. எனவே பெல்ட் அணியாத, சராசரி உடல்வாகுடைய ஆணை மணிக்கு 48 கி.மீ. வேக மோதலிலும் பை தாங்க வேண்டும் என அந்நாட்டு விதி வகுக்கப்பட்டது. அதற்கு அது வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வெடித்து விரிந்தாக வேண்டும். எதிரே ஒரு குழந்தையின் தலை இருக்கலாம் என்பது அக்கணக்கில் இல்லை. 1990களில் அங்கே குழந்தைகள் இறந்த பின்னரே விசை குறைக்கப்பட்டது.

ஸ்டீயரிங்கில் பொறித்துள்ள எஸ்.ஆர்.எஸ். என்பதன் முதலெழுத்து, 'துணையான' எனும் பொருளுடைய சொல்லுக்குரியது. மொழியியல் படித்தவர் கண் அங்கேதான் நிற்கும்: பெல்ட்டே முதன்மை, பை அதற்குத் துணை.

இந்தியாவில் ஓட்டுநருக்கான பை 2019இலும் முன்பயணிக்கானது 2021இலும் கட்டாயமாயின. 14 வயதுக்குட்பட்டோரைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காவிடில் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் சொல்கிறது. மலப்புறம் விபத்துக்குப் பின், குழந்தை இருக்கை இல்லையேல் டிசம்பர் முதல் அபராதம் எனக் கேரளப் போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். சில நாள்களிலேயே அமைச்சர் கணேஷ்குமார் அதை நிறுத்திவைத்தார். விலை உண்மையான தடைதான். ஆனால் பின்னிருக்கைக்கு விலையில்லையே! மடியில் வைத்து இருவருக்கும் ஒரே பெல்ட் பூட்டுவதும் தீங்கே; மோதலில் பெரியவரின் எடை முழுதும் குழந்தைமேல் அழுந்தும்.

2025 ஜூலையில் திருப்போரூர் அருகே, முன்னிருக்கையில் தந்தையின் மடியிலிருந்த ஏழு வயதுச் சிறுவன் இதே விதமாக இறந்தான்.