பிஜித் தீவு காட்டும் கண்ணாடி



ஒரு சமுதாயத்தின் அழகுணர்ச்சி மாறுவதற்குத் தலைமுறைகள் சில ஆகும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால், மூன்றே ஆண்டுகளில் இளம் பெண்கள் தம் உடலை நோக்கும் நோக்கு மாறிய வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் பசிபிக் மாகடலில் உள்ள பிஜித் தீவு.

அத்தீவின் பழங்குடி மக்களிடையே, பருத்து வலுத்த உடலே நெடுங்காலம் போற்றப்பட்டு வந்தது. உண்ணுமாறு ஒருவரை வற்புறுத்துவது சுற்றத்தாரின் கடமை. ஒரு பெண் மெலிந்தால், அவளைச் சரிவரப் பேணவில்லையே என்று வீட்டாரும் ஊராரும் கவலையுறுவர். அவள் உடல் அவளுக்கு மட்டும் உரியதன்று. உற்றார் அவளிடம் காட்டிய அன்பின் அடையாளமும் அதுவே.

1995ஆம் ஆண்டில் அத்தீவின் நண்ட்ரோங்கா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் நிகழ்ச்சிகள் குடிசைகளுக்குள் புகுந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களுக்குள் 63 பள்ளி மாணவியரிடம் வினாக்கள் தொடுத்தார். 1998ஆம் ஆண்டில், அதே பருவத்து மாணவியர் 65 பேரிடம் மீண்டும் வினவினார். அவர்களுடைய சராசரி வயது ஏறத்தாழப் 17.

முதல் ஆய்வில், உணவைப் பற்றிய மனப்பாங்கு கவலைக்குரிய அளவில் இருந்தவர்கள் நூற்றுக்கு 12.7 பேர். மூன்றாண்டுகளுக்குப் பின்னர் அத்தொகை 29.2 ஆயிற்று. எடையைக் குறைப்பதற்காக உண்டதைத் தாமே வாந்தி எடுத்தவர் முன்னர் ஒருவரும் இலர். பின்னர் நூற்றுக்கு 11.3 பேர். சில வேளைகளிலேனும் தாம் மிகப் பருத்திருப்பதாக உணர்ந்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். இம்முடிவுகள் 2002இல் வெளியாயின.

பின்னர் வந்ததெல்லாம் முன்னர் வந்ததன் விளைவே என்று கொள்வது வரலாற்று மாணவன் செய்யும் முதற் பிழை என்று வகுப்பில் பன்முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு ஆய்விலும் கலந்துகொண்டவர்கள் வெவ்வேறு மாணவியர்; தொகையும் சிறிது. ஆயினும் அப்பெண்களே கூறியவை சிந்திக்கத் தக்கவை. திரையில் கண்ட மெலிந்த நங்கையரைப் போல் ஆனால் நல்ல வேலை கிடைக்கும், வாழ்வு உயரும் என்று அவர்களுள் சிலர் நம்பினர். அதனை வெறும் ஒப்பனை ஆசை என்று ஒதுக்குவது தவறு. மாறிவரும் உலகில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஏக்கம் அது.

மிகுந்த பருமன் நீரிழிவு முதலிய நோய்களுக்கு வழிகோலும் என்பதை நான் மறுக்கவில்லை. அது மருத்துவர் கூறவேண்டிய அறிவுரை. ஆனால், நோய்க்கு அஞ்சுவது வேறு. தன் உடலைக் கண்டு தானே நாணுவது வேறு. முன்னாளில் உற்றார் அனைவரின் பொறுப்பாக இருந்த உடல், ஒரு சிறுமியின் தனிப்பட்ட குற்றமாக மாறியதே பிஜி கண்ட மாற்றம்.

நம் இல்லங்களிலும் திரைகள் ஒளிர்கின்றன; அவற்றை அணைத்துவிட நம்மால் இயலாது. ஆனால், உணவைக் கண்டதும் முகம் சுளிக்கும் பெண்ணிடம், "யாரைப் பார்த்து உன்னை அளக்கிறாய், அம்மா?" என்று பரிவுடன் கேட்க நம்மால் இயலும். அவள் விடை சொல்லி முடிக்கும்வரை பொறுமையுடன் இருந்து கேட்கவும் இயலும்.