மலையகத்து அடுப்பங்கரை சொல்லும் வரலாறு

ஒரு சமுதாயத்தின் சரித்திரத்தை அரசாங்க அறிக்கைகளிலும் தோட்டத்துச் செக்றோல் ஏடுகளிலும் தேடுவோர் பலர். அடுப்பங்கரையில் தேடுவோர் மிகச் சிலரே. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இறாத்தல் கொழுந்து எடுத்தார்கள், எத்தனை சதம் கூலி பெற்றார்கள் என்பவற்றை ஏடுகள் கூறும். மாலையில் லயத்துக்குத் திரும்பியபின் அவர்கள் எதைச் சமைத்தார்கள், மிஞ்சியதை என்ன செய்தார்கள் என்பவற்றை அவை கூறமாட்டா. ஆயினும் தலைமுறை தலைமுறையாக நம்மை உயிரோடு காத்தது அந்த அடுப்புத்தான்.

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு 2023இல் நாடெங்கும் நினைவுகூரப்பட்டது. அந்நினைவின் தொடர்ச்சியாக, நம் முன்னோரின் மரக்கறிச் சமையலையும், எதையும் வீணாக்காத அவர்தம் வாழ்க்கை முறையையும் இங்கு ஆராய முற்படுகிறோம். வெறும் பழம்பெருமை பேசுவது நமது நோக்கமன்று. எது நாம் விரும்பிக் கைக்கொண்ட பழக்கம், எது வறுமை நம்மீது சுமத்திய பழக்கம் என்று பிரித்தறிய விரும்புகிறோம். இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொண்டோம். அதனால் நல்லதை நாகரிகமில்லாதது என்று கைவிட்டு, தீயதைப் பரம்பரை வழக்கமென்று பேணி வருகிறோம்.

ஊரிலிருந்து வந்த உணவு

கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தனர். அவற்றுட் பல வானம் பார்த்த பூமிகள். அங்கே ஏழை உழவனின் அன்றாட உணவு கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, சாமை ஆகிய புன்செய்த் தானியங்களே. கூழும், கீரையும், கொள்ளுத் துவையலும், பச்சை வெங்காயமும் அவர்களைப் பாடுபட வைத்தன. நெல்லுச் சோறு விசேட நாட்களுக்குரியதாயிருந்தது.

நம்மவர் யாவரும் புலால் உண்ணாதவர் என்று கூறுவது உண்மையாகாது. கருவாடு அன்றும் இன்றும் லயத்தில் விரும்பி உண்ணப்படும் பண்டம். தீபாவளியிலும் காவல் தெய்வப் பூசையிலும் இறைச்சி வெந்ததுண்டு. எனினும் மற்றைய நாட்களில் பெரும்பாலும் சட்டியிற் கொதித்தவை பருப்பும் கீரையும் கிழங்குமே. இதற்குக் கைப்பிடிக் காசு ஒரு காரணம். விரதம் மற்றொரு காரணம். வெள்ளிக்கிழமை, கார்த்திகை, கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி என்று ஆண்டு முழுவதும் விரத நாட்கள் வந்துகொண்டிருந்தன. புலால் மறுத்தலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நூலை எழுத்துக் கூட்டியும் படித்தறியாத தாய்மார், விரத நாளில் சட்டி பானையைச் சாம்பலிட்டுத் துலக்கிப் பருப்புக் குழம்பு வைத்து, அவ்வறத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்.

செக்றோலில் ஏறிய அரிசி

தோட்டத்திலே உணவு மாறிற்று. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்டமே கொடுத்து, விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் பின்னர் கோப்பியை அழித்தொழித்தது. பயிர் மாறியும் அரிசிக் கணக்கு மாறவில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்திய 1927ஆம் ஆண்டுச் சட்டமும், தோட்டத்தில் கொடுபடும் அரிசியின் விலையைக் கருத்திற்கொண்டே அமைந்தது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாயின. நெல்லுச் சோறு அன்றாட உணவாயிற்று. அதைப் பெருமையாகக் கருதிய நாம் புன்செய்த் தானியத்தை மறந்தோம். மேலும், தன் உணவைத் தானே விளைவித்த உழவன், தன் உணவைக் கடன் கணக்கிற் பெறும் கூலியாளானான்.

அரிசியை உண்ணும் முறையில் மாத்திரம் நம்மவர் பழைய அறிவைக் கைவிடவில்லை. அவர்கள் விரும்பியது புழுங்கல் அரிசி. இதன் அருமையை மலாயா நாட்டு அனுபவம் உலகுக்கு உணர்த்தியது. அங்கே தீட்டிய பச்சை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் கூட்டங்கூட்டமாக வருந்தினர். புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. இவ்வேறுபாட்டை டாக்டர் பிராடன் 1907இல் நூலாக எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் விளங்கிற்று. ஆராய்ச்சிசாலைகள் கண்டுபிடிக்கும் முன்னரே நம் பாட்டிமார் அதனைப் பானையிற் செய்துவந்தனர். இரவுச் சோற்றில் நீரூற்றிக் காலையில் உண்ட பழஞ்சோறும், வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடித்த வழக்கமும் அத்தகையனவே.

கோதுமை மா வந்த கதை

இன்று தோட்டத்து உணவு எதுவென்று கேட்டால், ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் என்று எவரும் சொல்வர். இது நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்த உணவா? இல்லை. 1942 மார்ச்சில் இரங்கூன் நகரம் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடும் கூப்பனும் வந்தன. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலைகள் ஏறி, நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, பங்கீடு சுருங்கியபோது, மாவும் அரிசியும் இன்றித் தோட்டங்களில் பலர் பட்டினியால் மாண்டனர். அந்தக் கொடுமையை நேரிற் கண்ட பெரியோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின் மா எங்கும் எளிதாகக் கிடைத்தது.

இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. எனவே கப்பலும் டொலரும் தடுமாறும்போதெல்லாம் லயத்து அடுப்பும் தடுமாறுகிறது. 2022இல் ரூபாய் வீழ்ந்து மாவின் விலை ஏறியபோது இதை நாம் மறுபடியும் கண்டோம்.

ரொட்டி நிலைத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடவேண்டிய தாய்க்கு, விரைவிற் சுட்டு மலைக்குக் கட்டிச் செல்லக்கூடியது ரொட்டிதான். ஆகவே அவளைக் குறைகூறுவது நியாயமன்று. ஆயினும் ரொட்டியும் சாயமுமே நமது பரம்பரை உணவு என்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது. அது யுத்தமும் பங்கீடும் வேலை நேரமும் சேர்ந்து தந்த எண்பது ஆண்டுப் பழக்கம்.

லயத்தோரக் கீரைப் பாத்தி

நம் முன்னோரின் சொந்த அறிவைக் காண விரும்பினால், லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு பாத்தியைப் பார்க்கவேண்டும். அங்கே முளைக்கீரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி, பூசணிக்கொடி, அவரை, சேம்பு, மரவள்ளி ஆகியவை இடத்துக்கும் குளிருக்கும் ஏற்ப வளர்ந்தன. தேயிலை நிரைகளுக்கிடையே ஈரத்தில் தானாக முளைத்த வல்லாரை துவையலாயிற்று. பூசணியிற் காய் கறிக்கு, பூவும் தளிரும் பொரியலுக்கு, விதை வறுத்துக் கொறிப்பதற்கு என ஒரு கொடி பலவாறு பயன் தந்தது.

நுவரெலியாவில் 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர் ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்டனர். இன்று அவ்வட்டாரத்தின் கரட், பீட்ரூட், லீக்ஸ், நோக்கோல், கோவா நாடெங்கும் செல்கின்றன. நகரத்தார் பீட்ரூட்டின் கிழங்கையும் நோக்கோலின் குமிழையும் உண்டு இலையை எறிகின்றனர். நம் பெண்கள் அவ்விலையையும் முள்ளங்கி இலையையும் அரிந்து, பருப்பிட்டுச் சுண்டினர். அயல்நாட்டு மரக்கறியும் அவர்கள் கையில் நாட்டுக் கீரையாயிற்று.

அரிசியில் குறைவான புரதக் கூறு பருப்பில் உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிறைக்கும். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேரத் தேசிக்காய்ப் புளி துணைசெய்யும். ஆனால் உணவோடு குடிக்கும் தேநீர் அச்சத்தைச் சேரவிடாது தடுக்கும். உலகுக்கெல்லாம் தேயிலை அனுப்பும் நாம் இதனை அறிந்திருத்தல் அவசியம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் சென்றபின் தேநீர் அருந்தினால் காசு செலவில்லாமலே நம் தாய்மாரின் இரத்தசோகைக்கு ஒரு தடை போட்டவராவோம்.

வீணென்று ஒன்றில்லை

தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது, இலை நிலத்தில் விழுந்து உரமாகும். மிலாறு விறகாக அடுப்புக்கு வரும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் கீரைச் செடிக்குத் தூவவும் பயன்படும். மாட்டுச் சாணமும் மரக்கறித் தோலும் பாத்திக்கே திரும்பும். மலையிலிருந்து வந்தது மறுபடியும் மண்ணிற் சேர்ந்தது.

இந்தூரில் பணியாற்றிய அல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கில விஞ்ஞானி, கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்கவைக்கும் முறையை 1931இல் நூலாக வெளியிட்டார். இந்திய உழவரிடமிருந்து தாம் கற்றதை அவர் மறைக்கவில்லை. அம்முறையை இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் கையாண்டு பார்த்தன. துரைமார் நூலிற் படித்த பாடத்தின் வேர் லயத்துக் குப்பைக் குழியிலும் இருந்தது.

வீட்டுக்குள்ளும் இதே நெறிதான். பழஞ்சேலை முதலில் தொட்டிலாகும். பின்பு சட்டி இறக்கும் துணியாகும். கடைசியில் விளக்குத் திரியாகும். மா வந்த துணிப்பை தலையணை உறையும் சிறுவர் சட்டையுமாகும். தேயிலைப் பெட்டிப் பலகை அலுமாரியாகும். தேங்காய்ச் சிரட்டை அகப்பையாகும், உடைந்தால் எரிகரியாகும். காலிப் போத்தல் குப்பிலாம்பாகி, பல பிள்ளைகளுக்கு அரிச்சுவடி படிக்க வெளிச்சம் தந்தது.

போற்றுவதும் நீக்குவதும்

சிக்கனம் வேறு, இல்லாமை வேறு. உள்ளதை முழுதும் பயன்படுத்துவது சிக்கனம், அஃது அறம். போதிய உணவில்லாது வயிற்றைக் கட்டுவது இல்லாமை. அதைத் தவமென்று புகழ்வது பாவம். 2016ஆம் ஆண்டு நாடளாவிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். இப்பிள்ளைகளுக்கு எளிய வாழ்வைப் பற்றிப் பிரசங்கம் செய்வது தகாது. அவர்களுக்கு வேண்டியவை பருப்பு, பயறு, கடலை, கீரை, பால் ஆகியவற்றோடு பெற்றோருக்குப் போதிய சம்பளமுமாகும்.

வேறு சிலவற்றையும் நீக்கவேண்டும். காற்றோட்டமற்ற காம்பராவில் மிலாற்றுப் புகை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். புகைபோக்கி வைத்த அடுப்பு அவசியம். பூச்சிநாசினி இருந்த கலனைக் கழுவி நீரோ எண்ணெயோ ஊற்றி வைப்பது சிக்கனமன்று; நஞ்சை வீட்டுக்குள் அழைப்பதாகும். சாலையோரத்தில் மருந்தடித்த புல்லிடையே கீரை பறிப்பதும் அவ்வாறே.

வாலிபருக்கு

மற்றொன்றும் சொல்லவேண்டும். லயத்தோரத்திற் கீரை மிகுதியாகவும் பழமரம் குறைவாகவும் இருப்பதேன்? கீரை சில வாரத்திற் கைக்கு வரும். பலா காய்க்கப் பல ஆண்டு வேண்டும். காணி தோட்டத்துக்குரியது, பாத்தி எந்நாளும் பறிபோகலாம். 1948இல் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இலட்சக்கணக்கில் கப்பலேறியவர்கள் தாம் நட்டதை விட்டே சென்றார்கள். நாளைக்கு இருப்போமா என்று அறியாதவன் கீரை விதைப்பான், மரம் நடமாட்டான். ஆகவே முழுமையான உணவும் உரிமையுள்ள மண்ணும் ஒன்றையொன்று சார்ந்தவை. அண்மை ஆண்டுகளில் தனிவீடுகளோடு 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் நடைபெற்றது. ஆயினும் இன்னும் ஏராளமான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. காணி கேட்கும் குரலை நாம் தணிக்கலாகாது.

காணி பெற்றோர் அதில் முதலாண்டிலேயே ஒரு முருங்கையோ, கறிவேப்பிலையோ, தேசியோ, அவ்விடத்துக் குளிருக்கு ஏற்ற ஒரு பழமரமோ நடுக. பெறாதோர் பழைய வாளியிலும் உரப்பையைக் கழுவித் தைத்த பையிலும் பூச்செடியையாவது வளர்த்துப் பழகுக. கோயில் அன்னதானத்தில் மிஞ்சும் இலையும் தோலும் கோயில் நந்தவனத்துக்கே உரமாகட்டும். அறநெறி வகுப்பில் வாரமொருமுறை பயறோ கடலையோ அவித்துக் கொடுக்கலாம். அது சிறுவருக்கு உணவும் பாடமுமாகும்.

நம் மக்களின் வாய்மொழிப் பாடல்களை மடக்கொம்பரை தந்த சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டி அழியாமற் காத்தார். அதேபோல நம் பாட்டிமாரின் சமையல் முறைகளையும், அவர்கள் அறிந்த கீரைகளின் பெயர்களையும் வாலிப அன்பர்கள் வீடுவீடாகச் சென்று எழுதிக்கொள்ளவேண்டும். பெரியோர்களே, உங்களை நாடி ஒரு பையனோ பெண்ணோ கொப்பியும் பென்சிலுமாக வந்தால், அதெல்லாம் கஷ்டகாலத்துச் சாப்பாடு என்று தள்ளிவிடாதீர்கள். கஷ்டத்தைக் கஷ்டமென்றே சொல்லுங்கள். அதனூடே நீங்கள் காத்த அறிவையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளரும் தலைமுறைதான் ஒன்றை ஒழித்து மற்றதை வாழவைக்கும்.